அச்சில் அமராத மூன்று பற்கள்

அத்தியாயம் பதினான்கு

'இன்றைக்கு நான் எதையும் கேட்கப் போவதில்லை, ஆண்டவரே. இங்கேதான் இருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறேன்.'

ரப்பர் கிண்ணத்தில் வெள்ளைப் பிளாஸ்டரைக் குழைத்தபடி அவள் மனசுக்குள் சொன்னது அவ்வளவுதான்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அவளுடைய ஜெபம் நீளமாக இருந்தது. அழுகை, வாக்குவாதம், பேரம் எல்லாம் அதில் உண்டு. துவைத்துத் துவைத்து நைந்த துணி மாதிரி அது மெலிந்து, இந்த ஒரு வரியில் வந்து நின்றுவிட்டது. இது விசுவாசம்தானா, இல்லை வெறும் சலிப்பா என்று சில நாள் அவளுக்கே சந்தேகம் வரும். சலித்துப்போனவள் தினமும் வந்து ஆஜர் சொல்வாளா என்று தானே சமாதானமும் சொல்லிக்கொள்வாள்.

பல் மருத்துவமனையின் பின்கட்டில் இருந்தது அந்த வேலையறை. முன்னால் டாக்டரம்மா வாயில் அளவு எடுத்து அனுப்புவார். இவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பாள். அச்சின் மேல் மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, செட்டாக்கித் திருப்பி அனுப்புவாள். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. 'செட்டக்கா' என்பது டாக்டரம்மா வைத்த பெயர். அதுவே நிலைத்துவிட்டது.

பிளாஸ்டர் ஊற்றும்போது அவசரப்பட்டால் உள்ளே காற்றுக் குமிழி நின்றுவிடும். அச்சைப் பிரித்த பிறகு பார்த்தால் இல்லாத இடத்தில் பள்ளமோ மேடோ இருக்கும். அதை நம்பிச் செட் செய்தால் போட்டுக்கொள்பவர் வாய் புண்ணாகும். அதனால் ஒரு ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, மேசையில் மெல்லத் தட்டித் தட்டி, அது தானாக வழிந்து நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை அவளுக்குக் கைவேலையாகப் பழகியிருந்தது. மற்ற நேரத்தில் வராத பொறுமை.

டாக்டரம்மா கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"செட்டக்கா, நீதிபதி ஐயா மறுபடி வந்திருக்காரு. பேசும்போது விசில் வருதாம்."

"போன தடவை ஆடுதுன்னாரு."

"இப்ப ஆடலையாம். விசில்தானாம். வீட்டுல பேரப்பிள்ளைங்க எல்லாம் ரயில் வந்துடுச்சுன்னு ஓடி வர்றாங்களாம்."

அவள் சிரித்துக்கொண்டே கையைக் கழுவினாள். சிரித்து முடித்ததும் அந்த இடம் பழையபடி காலியாகிவிட்டது. பகிர்ந்துகொள்ள ஆள் இல்லாத சிரிப்புக்கு ஆயுசு குறைவு. முன்பெல்லாம் இந்த மாதிரி ஒன்று கிடைத்தால் சாயங்காலம் கணவரிடம் சொல்வதற்கென்று பொத்திப் பொத்தி எடுத்துப் போவாள்.

கணவர் பேருந்து ஓட்டியவர். ஒரு மழை நாளில், குறுக்கே வந்த சைக்கிள்காரர் இவருடைய வண்டியில் அடிபட்டு இறந்துபோனார். தவறு இவர் மேல் இல்லை என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பு அவர் காதில் ஏறவில்லை. அன்றைக்கு ஸ்டீயரிங்கில் மோதி மேல்வரிசை முன்பற்கள் மூன்று போயின. அதற்கு இவள்தான் அளவெடுத்து, கொக்கிக் கம்பி வளைத்து, சின்னதாக ஒரு செட் செய்துகொடுத்தாள். பல் வந்தது, பழைய பேச்சு வரவில்லை; அவசியத்துக்கு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஆறு மாதம் அப்படியே இருந்தார். ஒருநாள் காலை, வாசல் பல்பு ஃபியூஸ் போயிருக்கிறது, வாங்கிவருகிறேன் என்று கிளம்பினார்.

அத்தோடு சரி. தேடாத இடமில்லை. ஐந்து வருடம் ஆயிற்று.

போன வாரம் மகளுடைய கல்யாணப் பேச்சு நல்லபடியாக முடிந்த கையோடு கணவரின் அண்ணன் போன் செய்தார். சனிக்கிழமை வருகிறேன், உனக்கு ஒன்று காட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இன்றைக்குத்தான் அந்தச் சனிக்கிழமை.

* * *

கணவரின் அண்ணன், அந்தப் பெரியவர், மதியம் நேராக வேலையறைக்கே வந்துவிட்டார். வீட்டுக்குப் போனால் மகள் இருப்பாள், முதலில் உன்னிடம்தான் காட்ட வேண்டும் என்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து, அவள் மெழுகு உருக்கும் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

உள்ளே செய்தித்தாளில் சுற்றி மூன்று பல் வைத்த ஒரு செட்.

அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். செய்கிற செட்டிலெல்லாம் அண்ணத்துப் பக்கம் ஊசிமுனையால் இரண்டு புள்ளி வைப்பது அவள் வழக்கம். ஏதாவது குறை என்று திரும்பி வந்தால் தன் வேலைதானா என்று தெரிந்துகொள்ள. கணவருடையதில் மட்டும் மூன்று வைத்தாள். மூன்றாவது எதற்கு என்று அவர் கேட்டபோது, அது பொண்டாட்டி கணக்கு என்று சொன்னாள். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மூன்று புள்ளிகள் இருந்தன.

விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். பெரியவர் சொல்லச் சொல்லக் கேட்டாள்.

தொலைவில் ஒரு ஊரில் ஆதரவற்றவர்களுக்கான இல்லம். அவர் பல இடங்களுக்கு எழுதிப்போட்ட கடிதங்களில் ஒன்று அங்கேயும் போயிருக்கிறது. முன்பல் மூன்று இல்லாத, வாய் திறந்து பேசாத, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அங்கே இருந்தாராம். பெயர் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் காய்ச்சலில் இறந்துபோய்விட்டார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். படம் எதுவும் இல்லை. அவர் பெட்டியில் இருந்தது ஒரு சட்டையும் இந்தச் செட்டும்.

"அந்த அறையில பேசாத ஆளு ரெண்டு பேராம்," என்றார் பெரியவர், கண்ணாடியைத் துடைத்தபடி. "ஒருத்தர் இப்படிப் போய்ச் சேர்ந்துட்டார். இன்னொருத்தர் ஒருநாள் யார்கிட்டயும் சொல்லாம எழுந்து போயிட்டாராம். இப்படித்தாம்மா வர்றதும் போறதும் தெரியாது அங்கே."

அவர் அதைச் சும்மா சொன்னார். அவள் மனசு அந்த இன்னொருவரிடமே நின்றுவிட்டது.

எழுந்து, அலமாரியின் மேல் தட்டிலிருந்து ஒரு டப்பாவை இறக்கினாள். பழைய அச்சுகளை ஒரு வருடத்துக்கு மேல் வைப்பதில்லை. இது மட்டும் ஐந்தரை வருடமாக இருந்தது. டாக்டரம்மா தெரிந்தும் கேட்கவில்லை. கணவருடைய வாயின் வெள்ளை அச்சு. எச்சில் படாத, பேசாத வாய்.

செட்டை அதன் மேல் வைத்து அழுத்தினாள். உட்காரவில்லை. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் தூக்கியது. இடதுபக்கக் கொக்கி உள்நோக்கி வளைக்கப்பட்டிருந்தது. அடியில் யாரோ முரட்டு அரத்தால் ராவியிருந்தார்கள், கோடு கோடாக.

"என்ன பார்க்கிற?" என்றார் பெரியவர். "உன் கைவேலைதானே?"

"என் கைவேலைதான். உங்க தம்பிக்குச் செஞ்சதுதான்."

"அப்புறம்?"

"கடைசியா இதைப் போட்டிருந்தது யாருன்னு எனக்குத் தெரியலை அத்தான்."

எடுத்துச் சொன்னாள். பல் போன இடத்தில் வருடம் ஆக ஆக ஈறு வற்றும். பழைய செட் பொருந்தாமல் போகும். பொருந்தாத செட்டைத் தானே ராவிச் சரிசெய்து பார்த்திருக்கலாம். அல்லது இன்னொரு வாய்க்கு ஏற்ற மாதிரி யாரோ வளைத்து ராவியிருக்கலாம். இரண்டும் நடக்கக்கூடியதுதான். பார்த்துச் சொல்ல முடியாது.

"இன்னொருத்தர் பல்லை எடுத்து யாராவது வாயில வெச்சுக்குவாங்களா?"

"இல்லாதவங்க வெச்சுக்குவாங்க. இங்கேயே பார்த்திருக்கேன். செத்துப்போன தம்பி செட்டைக் கொண்டுவந்து, எனக்குச் சரிபண்ணிக் கொடுன்னு கேட்டவர் உண்டு."

பெரியவர் இப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார். கோபத்தில்தான் ஆரம்பித்தார். கண்ணெதிரே கொண்டுவந்து வைத்தாலும் நம்பமாட்டாய், நாளைக்கு ஆலயத்தில் இறந்து நித்திரையடைந்தோர் பெயர்களை எல்லாரும் எழுந்து நிற்க வாசிக்கும்போது என் தம்பி பெயரும் வாசிக்கப்பட வேண்டும், போதகரிடம் பேசிவிட்டேன், மனைவி கையெழுத்து வேண்டுமாம், அதைக்கூட உன்னால் செய்ய முடியாதா என்றார். பிறகு சட்டென்று குரல் இறங்கிப்போயிற்று.

"நான்தாம்மா சொன்னேன். அவன் போறதுக்கு முந்தின நாள். இப்படி மூஞ்சைத் தொங்கப் போட்டுக்கிட்டு வீட்டுல உட்கார்ந்திருக்கிறதுக்கு எங்கயாவது போய்த் தொலையேன்னு. நான்தான் சொன்னேன்."

ஐந்து வருடமாக அவர் இதை எங்கே வைத்திருந்தார் என்று அவள் நினைத்தாள். ஒவ்வொரு ஞாயிறும் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற மனிதர். அவருக்கு வேண்டியது பட்டியல் இல்லை. எழுந்து நின்று அழுவதற்கு ஒரு இடம்.

"நீங்க அழுங்க அத்தான்," என்றாள். "அதுக்கு என் கையெழுத்து வேண்டாம்."

அவர் அழவில்லை. உறையை அவளிடமே விட்டுவிட்டு, சாயங்காலம் போதகர் உன் வீட்டுக்கு வருவார், யோசித்து முடிவு செய் என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். பணமா சொத்தா கேட்கிறேன் என்று படியிறங்கும்போது முணுமுணுத்தது கேட்டது.

* * *

வீட்டுக்கு நடக்கும்போது உறை கைப்பையில் இருந்தது. பல் செட்டுக்கு எடை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனாலும் அந்தத் தோள் வலித்தது.

ஆலயத்தில் அவளுக்கு இடமில்லாமல் இல்லை. எந்தக் கூட்டத்திலும்தான் இடமில்லை. தம்பதியர் கூட்டத்துக்குக் கூப்பிடச் சங்கடப்பட்டு விட்டுவிட்டார்கள். கணவரை இழந்த பெண்கள் மாதம் ஒருமுறை கூடுவார்கள். அங்கே ஒருதரம் போனாள். அன்போடுதான் நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தால் தானே ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்று, வேலை இருக்கிறது என்று வந்துவிட்டாள். ஆராதனை முடிந்து எல்லாரும் கூட்டம் கூட்டமாக நின்று பேசும்போது இவள் பாட்டுப் புத்தகங்களை அடுக்குவாள். கையில் வேலை இருந்தால் தனியாக நிற்பது தெரியாது. எவ்வளவு பொறுப்பு பார் என்று சபையில் அவளுக்கு நல்ல பெயர்.

இருந்தும் தன்னையே ஒன்று கேட்டுக்கொண்டாள். செட் அச்சில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தால்? கையெழுத்துப் போட்டிருப்பாளா? ராவிய கோடுகளைப் பார்த்ததும் மனசு ஏன் அப்படித் துள்ளியது? எழுந்து போனாராமே அந்த இன்னொருவர், அவர்தான் தன் கணவரோ என்று பிடித்துத் தொங்கப் பார்க்கிறதா? நம்பிக்கை என்பது ஆண்டவர் மேலா, ஒரு முரட்டு அரத்தின் மேலா?

அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். அந்த ஆறு மாத மௌனத்தில் ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஜெபித்தபோது, இந்த மனிதரை உம்முடைய கையில் விடுகிறேன் என்று சொல்லியிருந்தாள். கையில் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து, அங்கே இருக்கிறாரா இல்லையா என்று அவள் எப்படிக் கையெழுத்துப் போடுவது? உயிரோடு இருந்தாலும் ஆண்டவர் கையில். போயிருந்தாலும் அவர் கையில். சொல்ல வேண்டியவர் சொல்லட்டும்.

வாசல் பல்பை முதல் ஒரு வருடம் அவள் மாற்றவேயில்லை. வாங்கப் போனவர் வாங்கிவரட்டும் என்றிருந்தாள். மகள் இருட்டில் படி தடுக்கி விழுந்து கை முறிந்த பிறகு, தானே வாங்கி மாட்டினாள். காத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அடுத்தவரை விழவைப்பது காத்திருப்பாகாது. அன்றைக்குப் புரிந்தது அது. முழுக்கப் புரிந்ததா என்பது வேறு விஷயம்.

* * *

மகள் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். முன்னறையில் போதகர் வந்து உட்கார்ந்திருந்தார்.

"பெரியப்பா எல்லாம் சொல்லிட்டாரும்மா," என்றாள் மகள், திரும்பாமல்.

லிஃப்ட் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. எங்காவது லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர் மணியை அழுத்துவார். இவள் போனில் வருவாள். பயப்படாதீங்க, ஆள் கிளம்பியாச்சு, கொஞ்சம் பொறுங்க. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வாள். அம்மாவும் மகளும் ஒரே தொழில்தான், காத்திருக்கிற தொழில்தான் பார்க்கிறோம் என்று முன்பு கேலி செய்வதுண்டு.

"ஒண்ணு சொல்லட்டுமாம்மா? உள்ளே மாட்டினவங்க இருபது நிமிஷம் தாங்குவாங்க. நல்லாப் பேசிக்கிட்டிருப்பாங்க. சில பேர் ஜோக்கூட அடிப்பாங்க. இருபதைத் தாண்டினா கதவை உதைக்க ஆரம்பிச்சிடுவாங்க." அடுப்பைச் சின்னதாக்கினாள். "எனக்கு இருபது நிமிஷம் எப்பவோ முடிஞ்சுபோச்சு."

அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"மாப்பிள்ளை வீட்டுல அப்பா இருக்காரான்னு கேட்கிறாங்க. தெரியலைன்னு சொல்றேன். அப்போ அவங்க முகம் போற போக்கை நீ பார்த்ததில்லையே. அப்பாவுக்கு அழணும்மா எனக்கு. அழவும் முடியலை, சிரிக்கவும் முடியலை. எனக்காகக் கையெழுத்துப் போடேன்."

இதற்குத்தான் அவள் பயந்தாள். தன்னுடைய காத்திருப்பு தன்னோடு மட்டும் இருக்கிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அது ஒரு அறையாகி, உள்ளே இந்தப் பெண்ணும் நின்றுகொண்டிருந்தாள். பதினெட்டு வயதில் உள்ளே போனவள்.

"நீ வெளியே வந்துடு," என்றாள் மெதுவாக.

"என்னது?"

"உன்னைக் காத்திருன்னு நான் சொல்லமாட்டேன். இத்தனை நாள் சொன்னது தப்பு. அப்பா இல்லைன்னு உனக்குத் தோணுச்சுன்னா அழுதுடு. மாப்பிள்ளை வீட்டுல அப்படியே சொல்லு. நான் மறுத்துப் பேசமாட்டேன்."

"நீ?"

டீ பொங்கி வந்தது. மகள் பார்க்கவில்லை. அவள் எட்டி அடுப்பை அணைத்தாள்.

கைப்பையிலிருந்து உறையை எடுத்து மகள் கையில் வைத்தாள். மகள் செட்டைப் பார்க்கவில்லை. உறையின் மேல் ஓரத்தில் அச்சடித்திருந்த இல்லத்தின் தொலைபேசி எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் எத்தனை தரம் மணியடித்தால் யார் எடுப்பார்கள் என்று கணக்குப் போடுகிற தொழில்காரியின் பார்வை.

"அந்த இன்னொருத்தரைப் பத்தி யாராவது கேட்டாங்களா?" என்றாள் கடைசியில்.

அவள் டீயை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

போதகர் இளவயசுக்காரர். வந்து ஒரு வருடம்தான். யாரையும் புண்படுத்திவிடக் கூடாது என்பதாலேயே எப்போதும் நாற்காலி நுனியில் உட்காருவார். டீயை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, மடித்த காகிதத்தைப் பிரித்தார். பெரியவர் ரொம்பக் கலங்கிப்போயிருக்கிறார் என்றார். கட்டாயம் எதுவும் இல்லை, உங்களுக்கும் ஒரு சமாதானம் கிடைக்குமே என்றுதான் கேட்கிறேன் என்றார். பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். பட்டியலைப் படித்தாள்.

பதினொரு பெயர்கள். அதில் நான்கு பேருக்கு அவள் செட் செய்து கொடுத்திருக்கிறாள். அவர்களுடைய பல் வரிசையே அவள் கண்ணில் வந்து போயிற்று. ஒருவர் கடைசிவரை செட்டைச் சட்டைப்பையில்தான் வைத்திருந்தார், போட்டோ எடுக்கும்போது மட்டும் போடுவார். பன்னிரண்டாவதாக, கொஞ்சம் இடம் விட்டு, கணவருடைய பெயர். வேறொருவர் கையெழுத்தில் அந்தப் பெயரைப் பார்த்து வெகுநாளாயிற்று. விரலால் தொட வேண்டும் போலிருந்தது. தொட்டாள்.

சமையலறை வாசலில் மகள் வந்து நிற்பது தெரிந்தது. வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. இன்னும் யாரும் வாசல் பல்பைப் போடவில்லை.

'இங்கேதான் இருக்கிறேன்,' என்று சொல்லிக்கொண்டாள். அந்தப் பக்கத்திலிருந்து வழக்கம்போல ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து வருடத்தில் அந்த மௌனம் அவளுக்கு ஒரு ஆள் மாதிரி ஆகிவிட்டிருந்தது. வீட்டில் பேசாமல் உட்கார்ந்திருப்பவர், ஆனால் போய்விடாதவர்.

பேனாவுக்கு மூடியைப் போட்டாள். இரண்டு கையாலும் போதகரிடம் திருப்பி நீட்டினாள்.

"இந்தப் பதினொரு பேருக்காகவும் நாளைக்கு நானும் எழுந்து நிப்பேன் ஐயா. இவர் பேரு மட்டும் வேண்டாம்."

போதகர் காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பென்சில்லதானே எழுதியிருக்கீங்க," என்றாள் அவள். "டீயைக் குடிங்க, ஆறிடும்."